ராஜினாமா கடிதத்துக்கு முன்னும் பின்னும்

அரசுப் பணியை விட்டு மரச்செக்கு எண்ணெயோ சிறுதானிய மாவோ தயாரிக்கக் கிளம்புகிறவர், கடிதத்தின் ஒரே சொல்லில் ஓய்வூதியத்தை இழந்துவிடக்கூடும். ‘ராஜினாமா’ என்று எழுதினால் அதுவரை பார்த்த பணிக்காலம் கணக்கிலிருந்து போய்விடும்; பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவருக்கு அதன்பின் ஓய்வூதியம் கிடையாது. தகுதியுள்ள பணிக்காலம் 20 ஆண்டு முடிந்தவர் ‘விருப்ப ஓய்வு’ கேட்டால் அது கிடைக்கும். இரண்டும் ஒன்றல்ல என்று உச்ச நீதிமன்றம் 2019இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. 19 ஆண்டு முடித்தவர் இன்னும் ஓராண்டு பொறுப்பதே நல்லது. அந்த ஓராண்டில் முன் அனுமதியின்றித் தொழில் தொடங்குவது மட்டும் கூடாது. அது நடத்தை விதிமீறல்.

தனியார் துறையில் தொடர்ச்சியாக 5 ஆண்டு வேலை பார்த்தவருக்கு, தானாக விலகினாலும் பணிக்கொடை உண்டு. கடைசி மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆலும் பணி ஆண்டுகளாலும் பெருக்க வேண்டும். கணக்கில் வரும் சம்பளம் 40,000 ரூபாய், பணி 12 ஆண்டு என்றால் சுமார் 2.77 லட்சம் ரூபாய். 30 நாளுக்குள் தராவிட்டால் வட்டி சேரும். தொழிலாளர் துறையில் இதற்கென உள்ள அதிகாரியிடம் மனு கொடுக்கலாம்.

வருங்கால வைப்பு நிதியை முதலீடாக்கும் ஆசை பலருக்கும் வரும். 5 ஆண்டு முடியாமல் எடுத்தால் வரி உண்டு. அதோடு ஒட்டிய ஓய்வூதியத் திட்டத்தில் 10 ஆண்டு முடியாதவர், பணத்தை எடுக்காமல் திட்டச் சான்றிதழ் வாங்கி வைத்தால், பின்னால் வேறு வேலைக்குப் போகும்போது பழைய காலமும் சேரும். தொழில் கைகொடுக்காத நாளில் திரும்பி வர அது ஒரு வழி.

நிறுவனத்தின் குழு மருத்துவக் காப்பீடு வேலையோடு முடிந்துவிடும். அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறக் கேட்கும் உரிமை உண்டு. ஏற்கெனவே கழிந்த காத்திருப்புக் காலமும் கணக்கில் வரும். வீட்டில் சர்க்கரை நோயாளியோ இதய நோயாளியோ இருந்தால், வேலையில் இருக்கும்போதே இதை முடித்துவிட வேண்டும்.

விலகிய பிறகு இதே தொழிலைச் செய்யக் கூடாது என்ற ஒப்பந்த நிபந்தனை, 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவின்படி பொதுவாகச் செல்லாது. ரகசியக் காப்பு நிபந்தனை அப்படியல்ல. குறைந்தபட்சப் பணிக்கால பாண்டும் செல்லலாம்: ஒரு பொதுத்துறை வங்கியின் 2 லட்சம் ரூபாய் பாண்டை உச்ச நீதிமன்றம் 2025இல் ஏற்றது.

தனியுரிமைத் தொழிலில் கடையின் கடன் வீட்டின் கடன்தான். பிரைவேட் லிமிடெட் கம்பெனி தொடங்கினால் பொறுப்பு முதலோடு நிற்கும் என்றாலும், வங்கியில் சொந்த ஜாமீன் கையெழுத்துப் போட்ட கணத்தில் அந்தப் பாதுகாப்பு போய்விடும். வீட்டுப் பத்திரத்தைக் கொடுப்பதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: குறு, சிறு தொழில்களுக்குக் குறைந்தது 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு வங்கி அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மானியத்துடன் கூடிய கடனுக்கு மாவட்டத் தொழில் மையத்தை அணுகலாம்.

நல்ல நோக்கத்துடன் தொடங்கியவர்கள் சட்டத்தில் சிக்குவது லேபிளில். ‘ஆர்கானிக்’ என்று அச்சிட்டுக் கடைகளுக்கு அனுப்பினால் அங்கீகரிக்கப்பட்ட சான்று வேண்டும். ரசாயனம் தொடாத விவசாயியிடம் வாங்கினோம் என்ற நம்பிக்கை சான்றாகாது. தவறான விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

சரக்கு நன்றாக விற்றும் சிறு தொழில் மூச்சுத் திணறுவது பாக்கியால். இதற்கு 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டம் நல்ல ஆயுதம். எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளிலும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் வாங்கியவர் பணம் தர வேண்டும். தவறினால் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டுவட்டியாக. குறு, சிறு உற்பத்தியாளரும் சேவை தருபவரும் வசதியாக்கக் குழுவில் முறையிடலாம். வாங்கி விற்கும் வியாபாரிக்கு இந்த உரிமை இல்லை. குழுவின் தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் நீதிமன்றம் போனால் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான ‘உத்யம்’ பதிவை முதல் சரக்கு அனுப்பும் முன்பே செய்துவிட வேண்டும். பாக்கி விழுந்த பிறகு செய்த பதிவைக் காட்டி வழக்காடுவது கடினம். பதிவு இலவசம், கட்டணம் கேட்கும் இணையதளம் அரசுடையது அல்ல.

தொழிலை நிறுத்த நேர்ந்தால் ஷட்டரை இறக்குவதோடு முடியாது. ஜிஎஸ்டி பதிவை ரத்து செய்து, மூன்று மாதத்துக்குள் இறுதிக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். கம்பெனியாக இருந்தால், ஒரு ரூபாய்க்கும் விற்பனை இல்லாத ஆண்டிலும் ஆண்டறிக்கை உண்டு. தாமதத்துக்குப் படிவம் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் கட்டணம், பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்படும்வரை ஏறிக்கொண்டே இருக்கும்.