ஒஹ்தானிக்கு தோள் விலகியதும் ரசிகர்கள் பதறியது ஏன்? பேஸ்பால் அடியில் தோளின் வேலை என்ன?

2024 அக்டோபர் 26, வேர்ல்டு சீரிஸ் 2-வது ஆட்டம். இரண்டாவது பேஸைத் திருட சறுக்கிப் பாய்ந்த டாட்ஜர்ஸ் வீரர் ஷோஹேய் ஒஹ்தானிக்கு இடது தோள் விலகியது. பந்து வீசுறது வலது கைதானே, அப்புறம் என்ன என்று தோணலாம். ஆனா பேட்டிங்கில் அவர் இடது கைக்காரர். அடிக்கும்போது அதுதான் அவரது பின்தோள்.

பேஸ்பாலில் அடி காலில் தொடங்குது. முன்கால் ஊன்றியதும் முதலில் இடுப்பு திரும்பும். தோள் உடனே கூடவே திரும்பிடக் கூடாது. ஈரத்துணியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையை முறுக்குவோமே, அப்படி உடம்பு முறுக்கேறணும். அது அவிழும்போதுதான் தோள், கை, மட்டை என வேகம் ஏறிக்கொண்டே போகும்.

முன்தோள் அவசரப்பட்டு திறந்துட்டா? முறுக்கு வீண். தலையும் சேர்ந்து திரும்பும், வெளிப்பக்கம் வரும் பந்துக்கு மட்டை எட்டாது. 150 கி.மீ வேகப் பந்து சுமார் 0.4 நொடியில் வந்துடும், திருத்திக்க நேரமே கிடையாது.

பின்தோளுக்கு வேற வேலை. மேட்டில் நின்று வீசும் பந்து இறங்கி வரும். பின்தோள் கொஞ்சம் தாழ்ந்தால்தான் மட்டை லேசாக மேல்நோக்கி வந்து பந்தின் பாதையோடு சேரும். ரொம்ப தாழ்ந்தா பந்து சும்மா உயரப் போய் கேட்ச்தான்.

வலியோடு ஆடிய ஒஹ்தானி அந்தத் தொடரில் 19 அட்-பேட்டில் எடுத்தது 2 ஹிட் மட்டுமே. காயத்துக்கு முன்பும் அவர் பெருசா அடிக்கலை என்பதையும் சொல்லணும். தோள் மூட்டின் ஓரக் குருத்தெலும்பு கிழிந்திருந்ததால் நவம்பரில் அறுவை சிகிச்சை நடந்தது. 2025 சீசனில் அவர் அடித்தது 55 ஹோம் ரன்.