விண்மீன் ஒளியைப் பகுத்து அறிதல்

விண்மீனுக்கு எவரும் சென்று வந்ததில்லை. அதன் ஆவியைப் புட்டியில் அடைத்துக் கொண்டு வந்தவரும் இல்லை. ஆயினும், திருவாதிரை விண்மீனின் மேற்பரப்பு வெப்பம் ஏறத்தாழ 3,500 கெல்வின் என்றும், சித்திரை விண்மீனின் வெப்பம் 20,000 கெல்வினுக்கும் மேற்பட்டது என்றும் வானநூலார் உறுதியாகக் கூறுகின்றனர். இஃது எங்ஙனம் இயலும் என்று நம் தோட்டத் தமிழ்ப்பள்ளி மாணவர் கேட்பதுண்டு. விடை அவ்விண்மீன்களின் ஒளியிலேயே அடங்கியுள்ளது.

மழை விட்ட மாலையில் பால்மரக் காட்டுக்கு மேலே வானவில் தோன்றக் காண்கிறோம். வெண்மையான ஒளி பல நிறங்களாகப் பிரிந்து நிற்பதே நிறமாலை எனப்படும். கதிரவனின் நிறமாலையை நன்கு விரித்து நோக்கிய செர்மானியக் கண்ணாடி வல்லுநர் பிரவுன்ஃகோபர், 1814ஆம் ஆண்டில் அதனூடே ஐந்நூறுக்கும் மேற்பட்ட கருங்கோடுகளைக் கண்டார். அவற்றின் பொருளை 1859ஆம் ஆண்டளவில் கிர்க்காப், பன்சன் என்னும் இருவர் விளக்கினர். ஒவ்வொரு தனிமத்துக்கும் அதற்கே உரிய கோடுகள் உண்டு; நம் கைரேகையைப் போல, ஒன்றின் கோடுகள் மற்றொன்றுக்கு வாரா. அடுப்பில் உப்புநீர் பொங்கி வழிந்தால் சுடர் மஞ்சளாவதை நம் தாய்மார் நன்கறிவர். அது சோடியத்தின் அடையாளமே.

1868 ஆகத்து 18ஆம் நாள் முழுச் சூரிய கிரகணம் நிகழ்ந்தபோது, அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த குண்டூரில் பிரெஞ்சு அறிஞர் சான்சன் நிறமாலைக் கருவியுடன் காத்திருந்தார். கதிரவன் விளிம்பில் எழுந்த சுவாலைகள் ஒளிக்கோடுகளாகத் தெரிந்தன. கிரகணம் இல்லாமலே அவற்றைக் காணும் வழியை அவர் மறுநாளே கண்டறிந்தார். அன்று நோக்கியவருள் சிலர் கண்ட மஞ்சள் கோடு சோடியத்தினுடையது அன்று என்பதை, அதே ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்தில் இலாக்கியர் தெளிவாக்கினார். அதற்குரிய பொருளுக்கு ஈலியம் என்று பெயரிடப்பட்டது. பூமியில் அப்பொருள் கண்டுபிடிக்கப்பட்டதோ 1895ஆம் ஆண்டில்தான்!

இத்துறை பட்டம் பெற்றோர்க்கு மட்டுமே உரியது என்று எண்ணுவோர் சான் எவர்செட் என்பாரின் வரலாற்றை அறிதல் நன்று. அவர் இங்கிலாந்தில் பிழைப்புக்கு வேறு தொழில் செய்துகொண்டே, ஓய்வு நேரத்தில் சொந்தக் கருவியால் கதிரவனை ஆராய்ந்தவர். 1898ஆம் ஆண்டு கிரகணத்தைக் காண இந்தியாவுக்கு வந்து நிறமாலையைப் படமெடுத்தார். பின்னர் 1907இல் பழனி மலைத்தொடரிலுள்ள கொடைக்கானல் வானாய்வகத்தில் பணியேற்றார். 1909 சனவரியில், சூரியப் புள்ளிகளின் ஓரத்திலே கோடுகள் தம் இடத்தைவிட்டுச் சற்றே நகர்ந்திருக்கக் கண்டார். தோட்டச் சாலையில் ஆரன் அடித்து வரும் லாரி, நெருங்கும்போது ஓசை உயர்ந்தும், கடந்த பின் தாழ்ந்தும் கேட்கிறதல்லவா? ஒளிக்கும் அத்தகைய மாற்றம் உண்டு. நெருங்கும் ஆவியின் கோடு நீலப் பக்கமும், விலகும் ஆவியின் கோடு சிவப்புப் பக்கமும் நகரும். புள்ளியின் நடுவிலிருந்து ஆவி நொடிக்கு ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் வேகத்தில் வெளிநோக்கிப் பாய்கிறது என்று இதனால் புலனாயிற்று. இன்றும் அது எவர்செட் விளைவு என்றே வழங்கப்படுகிறது.

தொடக்கப் பயிற்சிக்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. பயனற்ற சீடி ஒன்று போதும். அதில் ஒரு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 625 வரிகள் நெருங்கி அமைந்திருப்பதால் அஃது ஒளியைப் பகுக்கும். காலணிப் பெட்டியின் ஒரு முனையில், இரு பிளேடுகளை மயிரிழை இடைவெளியில் ஒட்டிப் பிளவு அமைத்து, மறுமுனையில் சீடியைச் சாய்வாகச் செருகி, அதற்கு மேலே பார்வைத் துளையிடுக. குழல் விளக்கை நோக்கினால் பாதரசத்தின் பச்சைக் கோடும் நீலக் கோடும் பளிச்செனத் தெரியும். பகலில் வெண்முகிலை நோக்கினால் பிரவுன்ஃகோபரின் கருங்கோடுகளுள் சிலவற்றைக் காணலாம். கதிரவனை மட்டும் எந்நாளும் நேரே நோக்கலாகாது; கண்பார்வை கெடும். பிள்ளைகளிடம் பிளேடைக் கொடாமல் பெரியோரே அப்பணியைச் செய்தல் வேண்டும்.

விண்மீன்களுக்குச் சீடி பயன்படாது; அவற்றின் ஒளி மிகக் குறைவு. மில்லிமீட்டருக்கு நூறு வரிகள் கொண்ட கீற்றணிக் கண்ணாடியை வாங்கிப் படக்கருவியின் முன் பொருத்துதல் வேண்டும். தனியொருவருக்குச் சுமையாயின் இளைஞர் மன்றத்தார் கூடி வாங்கலாம். விண்மீன் ஒரு புள்ளியே ஆதலால் பிளவு தேவையில்லை. கருவியை அசையாமல் நிறுத்திச் சிறிது நேரம் திறந்து வைத்தால், பூமியின் சுழற்சியே மெல்லிய நிறக்கோட்டை அகன்ற பட்டையாக்கித் தரும். நிறங்கள் வடக்கு தெற்காக விரியுமாறு கண்ணாடியைத் திருப்பிக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

நெகிரி செம்பிலான், குறிப்பாக மழை குறைந்த செலுபு வட்டாரம், இதற்கு ஏற்ற இடமாகும். நகர விளக்குகள் எட்டாத தோட்டங்களில் வானம் இருண்டிருக்கும். சனவரி, பிப்ரவரி இரவுகளில் ஒன்பது, பத்து மணியளவில் திருவாதிரை செந்நிறமாக உயர்ந்து நிற்கும். அதன் பட்டையில் டைட்டேனியம் ஆக்சைடின் அகன்ற கருநிழல்கள் வரிசையாகத் தோன்றும். வெப்பம் மிகுந்த விண்மீனில் அம்மூலக்கூறு சிதைந்துவிடும். அது நிலைத்திருப்பதே திருவாதிரை குளிர்ந்தது என்பதற்குச் சான்று. சனவரியில் பெரட்டுக்குக் கிளம்பும் விடியற்காலையில் சித்திரை உச்சியருகே இருக்கும். அதன் பட்டையில் இந்நிழல்கள் இரா. நீரகக் கோடுகளும், திறமான கருவியில் குண்டூர்க் கிரகணம் நினைவூட்டும் ஈலியக் கோடுகளும் தென்படும். வெப்பத்துக்கும் கோடுகளுக்கும் உள்ள இத்தொடர்பைக் கணக்கால் நிறுவியவர் வங்காள அறிஞர் மேகநாத சாகா, ஆண்டு 1920.

இவ்வாறு எடுக்கும் படங்கள் வெறும் வேடிக்கைக்குரியன அல்ல. சில விண்மீன்களின் கோடுகள் காலப்போக்கில் மாறுவதால், அவற்றை இடைவிடாது கண்காணிக்கப் பெரிய ஆய்வகங்களுக்கு நேரம் போதுவதில்லை. பாரிசு வானாய்வகத்தின் தொகுப்பொன்றில் உலகெங்கும் உள்ள ஆர்வலர் எடுத்த நிறமாலைகள் சேர்க்கப்பட்டு, ஆராய்ச்சியாளருக்குப் பயன்படுகின்றன. ஆதலின், ஒவ்வொரு படத்துக்கும் நாள், மணி, இடம், விண்மீன், கருவி ஆகியவற்றைக் குறிப்பேட்டில் அன்றே எழுதி வைத்தல் வேண்டும்.