போலீஸ் தலைவருக்கு ஓட்டு இல்லை, பிறகு யாருக்கு?

தேர்தல் வந்துவிட்டால் பாயா ரும்புட் வட்டாரத்தின் தாமான்களிலும் தோட்டப்புறங்களிலும் வேட்பாளரிடம் வைக்கப்படும் கோரிக்கைகளுக்குக் குறைவே இருக்காது. வீடு புகுந்து திருடுகிறார்கள், தெருவிளக்கு எரியவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது, பிள்ளைக்கு அடையாள அட்டை இல்லை, தமிழ்ப்பள்ளிக்குக் கட்டடம் வேண்டும். எல்லாவற்றுக்கும் "செய்து தருகிறேன்" என்ற ஒரே பதில்தான் வரும். இவற்றில் எது உண்மையில் அவர் கையில் இருக்கிறது என்பதை வாக்காளர் அறிந்திருக்க வேண்டும்.

அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் மாவட்டப் போலீஸ் தலைவரையே மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தப் பதவிக்கு ஷெரீப் என்று பெயர். நாடு முழுவதும் 3,000க்கும் மேற்பட்ட ஷெரீப்புகள் இருக்கிறார்கள். பல இடங்களில் பதவிக்காலம் 4 ஆண்டுகள். மாவட்டச் சிறையை நடத்துவது, நீதிமன்றக் காவல், நகர எல்லைக்கு வெளியே ரோந்து ஆகியவை பொதுவாக அவர் பொறுப்பு. சென்னையிலும் முன்பு ஷெரீப் இருந்தார். ஆனால் அது பெரிய மனிதர் ஒருவருக்கு நியமனத்தின் மூலம் தரப்பட்ட கௌரவப் பதவி.

ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், அதுவும் இல்லை. அரிசோனா மாநிலத்தின் மாரிகோப்பா மாவட்டத்தில் ஜோ ஆர்ப்பாயோ 1992 முதல் தொடர்ந்து 6 முறை ஷெரீப் தேர்தலில் வென்றார். அவருடைய துறை லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரை இனத்தை வைத்தே பிடித்து விசாரித்தது என்று 2013இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகும் 2016 தேர்தலில் தோற்கும்வரை அவர் பதவியில் நீடித்தார். பெரும்பான்மையின் ஓட்டு சிறுபான்மையின் பாதுகாப்புக்கு உத்தரவாதம் ஆகிவிடாது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

நம் நாட்டு நிலைமை வேறு. அரச மலேசியப் போலீஸ் படை கூட்டரசின் கீழ் இயங்குகிறது. தேசியப் போலீஸ் படைத் தலைவரை, அரசியலமைப்பின் 140ஆவது பிரிவின்படி, போலீஸ் படை ஆணையத்தின் பரிந்துரையின் பேரில் மாமன்னர் நியமிக்கிறார். மாநில முதலமைச்சரோ சட்டமன்ற உறுப்பினரோ போலீசுக்கு உத்தரவிட முடியாது. ஆகவே "திருட்டை ஒழிப்பேன்" என்று சட்டமன்ற வேட்பாளர் சொன்னால், எப்படி என்று கேட்க வேண்டும். தெருவிளக்கு, கேமரா, புதர் வெட்டுதல் என்றால் அவர் முயற்சி செய்யலாம். ரோந்து வண்டி, புதிய போலீஸ் நிலையம் என்றால், உள்துறை அமைச்சரிடம் கேள்வி எழுப்ப வேண்டியவர் நாடாளுமன்ற உறுப்பினர்.

இந்த வேறுபாடு மற்ற விஷயங்களுக்கும் பொருந்தும். குடியுரிமை, அடையாள அட்டை, கல்வி, போலீஸ், சிறை ஆகியவை கூட்டரசின் அதிகாரம். நிலமும் ஊராட்சியும் மாநில அதிகாரம். கோயில் நிலத்துக்குப் பட்டா வேண்டுமென்றால் மாநிலத்தை அணுக வேண்டும். தமிழ்ப்பள்ளிக்கு ஆசிரியர் வேண்டுமென்றால் கூட்டரசை அணுக வேண்டும். பாயா ரும்புட் மலாக்காவின் 28 சட்டமன்றத் தொகுதிகளில் ஒன்று. தங்கா பத்து நாடாளுமன்றத் தொகுதிக்குள் அது அடங்கும். ஆகவே இத்தொகுதி வாக்காளருக்கு இரண்டு ஓட்டுகள். இரண்டுக்கும் வேலை வேறு.

சாக்கடையையும் தெருவிளக்கையும் கவனிக்கும் ஊராட்சி மன்றத்துக்கு மட்டும் நமக்கு ஓட்டு இல்லை. ஒரு காலத்தில் இருந்தது. ஜார்ஜ்டவுனில் 1951இல் தேர்தல் நடந்தது. ஈப்போவில் சீனிவாசகம் சகோதரர்களின் மக்கள் முற்போக்குக் கட்சி பட்டண மன்றத்தையே கைப்பற்றியது. 1965இல், இந்தோனேசிய மோதல் காலத்தில், ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் அமைந்த அரச விசாரணை ஆணையம் தேர்தலை மீண்டும் நடத்தப் பரிந்துரைத்தது. நம்மவர் ஒருவர் தலைமையில் வந்த அந்தப் பரிந்துரை ஏற்கப்படவில்லை. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. தேர்தலைத் திரும்பக் கொண்டுவர பினாங்கு மாநிலம் எடுத்த முயற்சியும் 2014இல் கூட்டரசு நீதிமன்றத்தில் தோற்றது.

இன்று ஒரு மன்றத்துக்கு 8 முதல் 24 உறுப்பினர்கள் வரை மாநில அரசே நியமிக்கிறது. அதாவது, சட்டமன்றத்துக்குப் போடும் ஓட்டுத்தான் மறைமுகமாக நகராண்மைக் கழகத்தையும் தீர்மானிக்கிறது. நம் பகுதிக்கு யாரை உறுப்பினராகப் பரிந்துரைப்பீர்கள் என்று வேட்பாளரிடம் தேர்தலுக்கு முன்பே கேட்பது வாக்காளரின் உரிமை. மன்றம் வேறு விதமாகத் தீர்மானிக்காத வரை, அதன் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை என்று அதே சட்டத்தின் 23ஆவது பிரிவு சொல்கிறது. போய் உட்கார்ந்து கேட்பவர்கள்தான் குறைவு.

போலீசாரின் நடத்தையைப் பற்றிய புகாருக்கு, 2023 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள சட்டத்தின் கீழ், சுயேச்சைப் போலீஸ் நடத்தை ஆணையம் இருக்கிறது. தடுப்புக் காவலில் பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் நம் சமூகத்தில் உண்டு. அந்த ஆணையத்துக்குக் கூடுதல் அதிகாரம் வேண்டுமென்றால் அதைத் தர வேண்டியது நாடாளுமன்றம். அந்த வாக்குறுதியைக் கேட்க வேண்டிய இடம் சட்டமன்ற வேட்பாளரின் மேடை அல்ல.

இளைஞர்களுக்கு ஒரு செய்தி. 18 வயதில் ஓட்டுரிமையும் தானியங்கி வாக்காளர் பதிவும் 2021 டிசம்பர் 15இல் நடப்புக்கு வந்தன. மலாக்கா சட்டமன்றத் தேர்தல் அதற்குச் சில வாரங்கள் முன்பு, நவம்பர் 20இல் முடிந்துவிட்டதால், அப்போது அவர்களால் வாக்களிக்க முடியவில்லை. இனி பதிவு தானாக நடக்கும். ஆனால் அடையாள அட்டையில் பழைய தோட்டத்து முகவரி இருந்தால் ஓட்டும் அங்கேயே இருக்கும். வீடு மாறியவர்கள் முதலில் தேசியப் பதிவிலாகாவில் முகவரியை மாற்றிக்கொண்டு, பிறகு தேர்தல் ஆணையத்தில் தொகுதி மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். வேட்புமனுத் தாக்கல் நாள் அறிவித்த பிறகு ஓடினால் காலம் கடந்துவிடும்.