படகில் வந்து விருந்து! தலைக்கு மேலே வாண வேடிக்கை!

விருந்துக்கு எப்படிப் போவோம்? பக்கத்துத் தெரு என்றால் நடந்து போவோம். வெளியூர் என்றால் பஸ்ஸில் போவோம். படகில் ஏறிப் போவோமா?

ஜப்பான் நாட்டில் போனார்கள்! இருநூறு, முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே போனார்கள். அவர்கள் சாப்பிடும்போது வானத்தில் வாண வேடிக்கை நடந்தது. விருதுநகர் மாவட்டத்துத் தாயில்பட்டியில் பட்டாசு செய்து பிழைக்கும் குடும்பங்களுக்கு அந்தக் கதை மற்றவர்களைவிட நன்றாகப் புரியும்.

ஆற்றின் மேலே சாப்பாடு

டோக்கியோ நகருக்கு அந்தக் காலத்தில் எடோ என்று பெயர். அதை ஒட்டி ஓடுவது சுமிதா ஆறு. கோடை வந்துவிட்டால் ஊருக்குள் புழுக்கம் தாங்காது. வசதி படைத்தவர்கள் காற்று வாங்க ஆற்றுக்கு வந்துவிடுவார்கள்.

சுமிதா ஆற்றில் ஒரு சிற்றாறு வந்து சேரும் இடத்துக்கு யானகிபாஷி என்று பெயர். அங்கே படகு வாடகைக்கு விடும் வீடுகள் இருந்தன. உயர்ந்த ரக உணவு விடுதிகளும் இருந்தன. சிலர் படகில் போய் விடுதியின் வாசலிலேயே இறங்குவார்கள். சிலர் படகிலேயே விருந்தை முடித்துக்கொள்வார்கள்.

விருந்துப் படகுக்கு 'யாகதபுனே' என்று பெயர். வீட்டைப் போலவே கூரை உண்டு. உள்ளே கோரைப் பாய் விரித்திருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார வேண்டும். ஓரத்தில் வரிசையாகக் காகித விளக்குகள் தொங்கும்.

விருந்தில் கெய்ஷா பெண்கள் ஆடுவார்கள், பாடுவார்கள். 'ஷாமிசென்' என்ற மூன்று நரம்பு வாத்தியத்தை மீட்டுவார்கள். சிறு வயதிலிருந்தே பல ஆண்டுகள் பயின்ற கலை அது.

துக்கத்தில் பிறந்த வேடிக்கை

1732ஆம் ஆண்டில் ஜப்பானில் கொடிய பஞ்சம் வந்தது. மேற்குப் பகுதியில் நெற்பயிரைப் பூச்சி தின்றது. எடோ நகரில் நோயும் பரவியது. ஏராளமானோர் மாண்டனர்.

மறு ஆண்டு, 1733ல், மாண்டவர்களுக்காக ஆற்றங்கரையில் நீர்த் தெய்வத்துக்கு வழிபாடு நடந்தது. அப்போதுதான் வாணம் விட்டார்கள் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். அது பிறகு ஆண்டுதோறும் நடக்கும் விழாவாயிற்று. அந்த நாளிலிருந்து மூன்று மாதம் இரவிலும் ஆற்றில் படகு விடலாம், கடை போடலாம்.

வாணத்துக்குப் பணம் கொடுத்தவர்கள் யார் தெரியுமா? படகுக்காரர்களும் உணவு விடுதிக்காரர்களும்தான்! வாணம் பார்க்கக் கூட்டம் வரும். கூட்டம் வந்தால் படகு ஓடும், அடுப்பு எரியும். சாப்பாட்டுக்கும் வாணத்துக்கும் உறவு இப்படித்தான் ஏற்பட்டது.

சாவியும் மணியும்

வாணம் செய்த கடைக்குக் 'காகியா' என்று பெயர். சாவிக்கடை என்று பொருள். யாஹெய் என்பவர் 1659ல் தொடங்கிய கடை அது. நாணல் குழாயில் மருந்து செலுத்தி, குழந்தைகளுக்கான சின்னச் சின்ன வாணம் செய்து விற்றார். அவருடைய சந்ததியார்தான் பிறகு ஆற்றில் பெரிய வாணம் விட்டார்கள்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தக் கடை ஊழியர் ஒருவர் பிரிந்து போய்த் தனிக்கடை வைத்தார். அது 'தாமாயா', அதாவது மணிக்கடை. பாலத்துக்கு மேலே, ஆறு வரும் பக்கத்தில் தாமாயாவும், கீழே, ஆறு போகும் பக்கத்தில் காகியாவும் மாறி மாறி வாணம் விட்டன. எது நன்றாக இருக்கிறதோ, அந்தக் கடையின் பெயரைச் சொல்லி ஜனங்கள் கூவுவார்கள். "தாமாயா!" என்ற குரலே அதிகம் கேட்டதாம்.

1843ல் விபரீதம் நேர்ந்தது. தாமாயா கடையில் தீப்பிடித்தது. அக்கம்பக்கத்து வீடுகளும் எரிந்தன. மரவீடுகள் நிறைந்த ஊரில் தீ பெருங்குற்றம். கடைக்காரரை ஊரைவிட்டே விரட்டினார்கள். தாமாயா ஒரே தலைமுறையில் முடிந்தது.

ஆனால் ஜனங்கள் மறக்கவில்லை! வானத்தில் பூ விரியும்போது இன்றும் "தாமாயா! காகியா!" என்று கூவுகிறார்கள். கடை போய் நூற்றெண்பது ஆண்டுக்கு மேலாகியும் பெயர் போகவில்லை.

காகியா இன்றும் இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் அதன் 15ஆவது தலைமுறைத் தலைவராகப் பொறுப்பேற்றவர் ஒரு பெண், அமனோ அகிகோ.

குறுக்கே வந்த சுவர்

யானகிபாஷிக்கும் கஷ்டகாலம் வந்தது. 1959ல் பெரும் புயல் ஒன்று ஜப்பானைத் தாக்கி ஐயாயிரம் பேரைப் பலி கொண்டது. அதன் பிறகு, வெள்ளம் புகாதிருக்கச் சுமிதாவின் கரையில் உயரமான கான்கிரீட் சுவர் எழுப்பினார்கள். உயிரைக் காக்கச் சுவர் வேண்டியதுதான். ஆனால் விடுதிக்கும் ஆற்றுக்கும் இடையே அது நின்றுவிட்டது. தண்ணீரும் சாக்கடையாகி நாறியது. நெரிசல் காரணமாக 1961க்குப் பிறகு வாண விழாவும் நின்றது. 1999ல் யானகிபாஷியின் கெய்ஷா விருந்து மரபு முடிவுக்கு வந்தது.

ஆறு சுத்தமானதும் 1978ல் வாண விழா திரும்ப வந்தது. இப்போது ஜூலைக் கடைசியில் ஒரே மாலையில் சுமார் 20,000 வாணம் விடுகிறார்கள். விருந்துப் படகுகளும் ஓடுகின்றன. இறாலையும் காய்கறியையும் மாவில் தோய்த்து, நம் ஊர் பஜ்ஜி போலப் படகிலேயே பொரித்துச் சுடச்சுடத் தருகிறார்கள். அதற்குத் 'தெம்புரா' என்று பெயர்.

பெயர் தெரியாத கைகள்

அந்த வாணத்தின் உள்ளே இருப்பது என்ன? சிறு சிறு மருந்து உருண்டைகள். தாயில்பட்டிப் பக்கத்தில் அதை மணி மருந்து என்கிறார்கள். ஜப்பானியர் நட்சத்திரம் என்கிறார்கள். பெயர்தான் வேறு, பயம் ஒன்றே. ஓர் உராய்வு போதும். விருதுநகர் மாவட்டத்தில் பட்டாசு விபத்துச் செய்தி வராத ஆண்டு அரிது.

நம் பட்டாசுப் பெட்டியின் மேல் படம் இருக்கும், கம்பெனியின் பெயர் இருக்கும். குழாய் உருட்டியவர், மருந்து செலுத்தியவர், திரி வைத்தவர் பெயர் இராது. ஜப்பானியர் கூவுவதும் கடையின் பெயரைத்தான், தொழிலாளியின் பெயரை அல்ல. ஆனாலும் வானத்தைப் பார்க்கும் அந்த ஒரு நொடியில், செய்தவர் யார் என்று அவர்கள் நினைக்கிறார்கள்.

வரும் தீபாவளியில் புஸ்வாணம் பூப்பூவாய்ச் சிதறும்போது குழந்தைகள் கை தட்டுவார்கள். "இதைச் செய்தது தாயில்பட்டிப் பக்கத்து அக்காவாக இருக்கும்" என்று ஒரு தாய் சொல்லிக் கொடுக்கலாம். அதற்குப் படகும் வேண்டாம், விருந்தும் வேண்டாம்!