சோலையைக் காக்கும் அயலார்

(சத்தியமங்கலம் விவசாய டிமான்ஸ்ட்ரேடர் எழுதியது)

ஆகஸ்டு மாதம் நெருங்கிவிட்டால் நமது பக்கத்துக் குடியானவர்கள் காலைப் பத்திரிகையில் முதலில் தேடுவது பவானிசாகர் அணையின் நீர்மட்டத்தையேயாகும். இன்று எத்தனை அடி, வரத்து எத்தனை கன அடி என்று பார்த்துத்தான் நாற்றங்காலுக்கு விதை ஊறவைப்பதா, இன்னும் ஒரு வாரம் பொறுப்பதா என்று தீர்மானிக்கிறார்கள். இது நியாயமே. கீழ்பவானி வாய்க்காலை நம்பி 2,07,000 ஏக்கரும், கொடிவேரியில் பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களை நம்பி ஏறத்தாழ 24,500 ஏக்கரும் இருக்கின்றன. ஆனால் அணைக்கு மேலே அந்த ஜலம் எங்கே தங்கி, எவ்வழியாக இறங்கி வருகிறதென்று விசாரிப்பவர் நம்மில் மிகச் சிலரே. விசாரிக்க நேரிட்டால் கோத்தகிரி மலைக்கு ஒருமுறை போய்வரவேண்டும்.

கோத்தகிரி ஊருக்கு வெகு அருகிலேயே லாங்வுட் சோலை என்றொரு காடு இருக்கிறது. பரப்பு 116 ஹெக்டேர். அதாவது ஏறத்தாழ 287 ஏக்கர். இங்கிலீஷ்காரர் "ஷோலா" என்றெழுதி உலகெங்கும் பரவச்செய்த சொல் நமது "சோலை"யேயன்றி வேறன்று. நீலகிரியின் உச்சிப் பகுதிகளில் புல்வெளியும், பள்ளங்களில் சோலையுமாகப் பல்லாயிரம் ஆண்டுகள் இருந்துவந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டு முதற்கொண்டு தேயிலையும், உருளைக்கிழங்கும், கற்பூர மரமும், சீகை மரமும் அவ்விடங்களைப் பிடித்துக்கொண்டன. மிச்சமானவை துண்டு துண்டாக நிற்கும் சோலைகளே. லாங்வுட் அவற்றிலொன்று. உள்ளே நுழைந்தால் பகலிலும் வெளிச்சம் குறைவு. கிளைகளில் பாசி படர்ந்திருக்கும். காலடியில் இலைச்சருகு மெத்தைபோல் அமுங்கும். காட்டெருமையும், கேளையாடும், மலையணிலும் அங்கே வசிக்கின்றன. நீலகிரிச் சிரிப்பான் என்னும் பறவை உலகில் இம்மலைப் பிரதேசத்தையன்றி வேறெங்குமில்லை. அதுவும் இச்சோலையில் கூவுகிறது.

இவ்வளவும் ஒரு காலத்தில் போய்விடும்போல் இருந்தது. பக்கத்தில் ஊர் பெருகப் பெருக, விறகுக்காக மரம் வெட்டுவோரும், ஓரத்தில் குப்பை கொட்டுவோரும், மாட்டை உள்ளே ஓட்டுவோரும் பெருகினர். வெட்டவெளியான இடங்களில் அயல்நாட்டுச் செடிகள் புகுந்தன. அப்பொழுதுதான் அவ்வூரார் சிலர் கூடி "லாங்வுட் சோலைக் கண்காணிப்புக் குழு" என்ற பெயரில் ஒரு கமிட்டியாக அமைந்தார்கள். கால் நூற்றாண்டுக்கு மேலாக அக்கமிட்டி நடந்துவருகிறது. சம்பளமில்லை. வனத்துறையாருடன் ஒத்துழைத்து வெட்டையும் ஆக்கிரமிப்பையும் கண்காணிப்பது, அயற்செடிகளை அகற்றுவது, சோலைக்குரிய மரங்களையே நாற்றுவிட்டு வெளியான இடங்களில் வைப்பது, பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுவது ஆகிய இவையே அவர்கள் வேலை. கேட்பதற்கு அற்ப வேலையாகத் தோன்றும். பயிர்த்தொழில் செய்வோருக்கு மாத்திரம் தெரியும், ஒரு களையை ஒருநாள் பிடுங்குவது எளிது, அதே களையை விடாமல் இருபது வருஷம் பிடுங்குவது எவ்வளவு கடினமென்று.

அச்சோலையிலிருந்து ஊறும் ஓடைகளே சுற்றிலுமுள்ள பல ஊர்களுக்குக் குடிநீர். அம்மலையின் நீர் ஒருபுறம் மோயாற்றிலும் மறுபுறம் பவானியிலும் இறங்கி, முடிவில் நமது அணைக்கே வருகிறது. ஆகையால் "சோலை அழிந்தால் அணை வறண்டுவிடும்" என்று மேடையில் பேசுவோர் உண்டு. அப்படிச் சொல்வதை நான் ஒப்பவில்லை. 287 ஏக்கர்க் காட்டினால் அணை நிரம்பவும் மாட்டாது, அது இல்லாவிடில் வறண்டுபோகவும் மாட்டாது. அணையை நிரப்புவது பருவ மழையே. சோலை செய்வது வேறு உபகாரம். சருகும் மக்கும் பஞ்சுபோல் மழையை உறிஞ்சிக்கொண்டு, மழை ஓய்ந்த பின்னும் மெல்ல மெல்ல விடுகின்றன. அதனால் மலையூர் ஓடை கோடையிலும் ஒழுகுகிறது. மழைநீர் மண்ணை அரித்துக்கொண்டு ஒரேயடியாக ஓடிவருவதும் குறைகிறது. அரித்துவரும் மண் எங்கே போய்ப் படிகிறதென்பதை அணையின் ஆயக்கட்டுதாரர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

மலையைவிட்டு நமது சமவெளிக்கு வருவோம். சத்தியமங்கலத்துப் பெருங்காடு 2008-ம் வருஷம் வனவிலங்குச் சரணாலயமாகவும், 2013-ல் புலிகள் காப்பகமாகவும் ஏற்படுத்தப்பட்டது. விஸ்தீரணம் ஏறத்தாழ 1,400 சதுர கிலோமீட்டர். அதற்குக் காவலர் உண்டு, சட்டம் உண்டு. அங்கே வாழும் ஊராளிகள், இருளர், சோளகர் முதலியோரின் கிராம சபைகளுக்கு, தங்கள் காட்டைக் காக்கும் அதிகாரத்தை 2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டம் கொடுத்திருக்கிறது. கேட்பாரற்றுக் கிடப்பவை நமது கிராமங்களுக்குள்ளேயே இரண்டு ஏக்கர், ஐந்து ஏக்கர் என்று நிற்கும் கோயிற் காடுகளும், ஊர்க் குன்றுகளின் புதர்க்காடுகளுமாகும். பெரிய காட்டுக்கு ஆபத்து வந்தால் பத்திரிகையில் வரும். சிறிய காடு ஒரு வெயிற்காலத்தில் பொக்லைன் வைத்துத் துப்புரவாக்கப்பட்டு, மறுவருஷம் கலியாண மண்டபமாகிவிடும்.

இவ்விஷயத்தில் நானும் குற்றவாளியே. உத்தியோகத்தில் சேர்ந்த புதிதில், இத்தாலூகாவின் ஒரு கிராமத்தில் மூன்று ஏக்கர் கோயிற் காட்டைக் கண்டேன். உசிலை, வெள்வேல், ஆச்சா, விடத்தலை, கிளுவை, அடியில் சூரையும் பிரண்டையும் பின்னிக் கிடந்தன. எனக்கு அது அலங்கோலமாகத் தோன்றிற்று. "புதரை வெட்டிச் சுத்தம் செய்யுங்கள், நல்ல கன்றுகள் வரவழைத்துத் தருகிறேன்" என்றேன். ஊரார் என் சொல்லை மதித்து வெட்டினார்கள். தேக்கும் செம்மயிற்கொன்றையும் வரிசையாக நட்டோம், படமும் எடுத்துக்கொண்டோம். இரண்டு கோடை கழிந்தது. கன்றுகள் காய்ந்தன, மண் களம்போல் இறுகிற்று, வெட்டிய இடமெங்கும் சீமைக் கருவேல் முளைத்தது. அப்பொழுது அவ்வூர்ப் பெரியவர் ஒருவர் சொன்னார்: "ஏனுங்க, நீங்க வெச்ச கன்னு ஒண்ணுகூட நிக்கலீங்க. வெட்டிப் போட்டமே அந்தப் பொதரு, அதுக்குள்ளாரதானுங்க உசிலைக் கன்னு ஆடு வாயிக்குத் தப்பி நின்னுட்டிருந்துது." நான் பதில் சொல்லவில்லை. டிப்ளமாப் படிப்பில் நடுவதற்குக் கற்பித்தார்கள். நடாமலிருப்பதற்கு ஒருவரும் கற்பிக்கவில்லை.

பழங்காட்டிற்குக் கன்று அநேகமாகத் தேவையில்லை. முட்புதரே அதன் வேலி. பறவையும் காற்றுமே அதற்கு விதைப்பவர். நாம் செய்யத்தக்கவை இரண்டே. உள்ளே புகுந்த அயற்களையை அகற்றுவது ஒன்று. நமது கையையும் ஆட்டின் வாயையும் வெளியே நிறுத்துவது மற்றொன்று.

களைகளில் முதன்மையானது உண்ணிச்செடி. அழகுக்காகச் சீமையிலிருந்து கொண்டுவரப்பட்டுத் தோட்டத்தைத் தாண்டிய செடி இது. இதை அடியோடு வெட்டினால் பன்மடங்காகத் தழைக்கும், தீயிட்டாலும் அப்படியே. டெல்லியில் ஆராய்ந்து கண்ட முறையொன்று நமக்கும் ஏற்றது. தூரடியில் மண்ணுக்குள் இரண்டு மூன்று விரற்கிடை ஆழத்தில் ஆணிவேரை மண்வெட்டியால் வெட்டி, புதரை அப்படியே தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்துவிடவேண்டும். கிளைகள் மண்ணில் பட்டால் வேரூன்றும் குணமுடையவையாதலால், இரண்டுபேர் சேர்ந்து தூக்குவது நலம். பழம் கறுப்பதற்கு முன்னரே செய்துவிடவேண்டும். பழுத்தால் பறவைகள் தின்று விதையைக் கொண்டுபோய் அடுத்த மரத்தடியில் இடும். அதனால் முதல் வருஷம் வெட்டிய பின்னும், பறவைகள் தங்கும் பெரிய மரங்களின் அடியை இரண்டு மூன்று மழைக்காலங்கள் பார்த்துவந்து நாற்றுகளைக் கையாற் பிடுங்கவேண்டும். இங்கேதான் அநேகம் சங்கங்கள் தவறுகின்றன. முதல்நாள் நூறுபேர் வருவார்கள், மூன்றாம் வருஷம் மூவரும் வரமாட்டார்கள். வெட்டிய தண்டு வீணன்று. நமக்கு அடுத்த மாதேஸ்வரன் மலையில் சோளகர்கள் அதனை வேகவைத்துத் தோலுரித்து நாற்காலியும் கூடையும் முடைந்து விற்கிறார்கள்.

சீமைக் கருவேலை மழைக்குப் பின் ஈரத்தில், முழ உயரத்திற்குள்ளாகவே வேரோடு பிடுங்குதல் எளிது. முற்றிய மரமானால் அடித்தூரைத் தோண்டி எடுத்தாலன்றித் துளிர்ப்பது நிற்காது. இதற்காகக் கோயிற் காட்டினுள் பொக்லைனை இறக்குவது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதாகும். அதன் சக்கரம் நசுக்கும் உசிலைக் கன்றுகள் கருவேல் கெடுத்ததைவிட அதிகம்.

தழையுரம் விஷயத்தில் நிலச்சுவான்தார்களுக்கு ஒரு வார்த்தை. நடவுக்கு முன் கோயிற் காட்டிலும் ஏரிக்கரையிலும் தழை ஒடித்துவரும் வழக்கம் பழையதே. அன்று ஊர் சிறிது, காடு பெரிது, இன்று அப்படியன்று. தக்கைப்பூண்டு ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, 45 நாளில் பூக்கும் தறுவாயில் மடக்கி உழுதால், எந்தக் காட்டையும் தொடாமல் தழை கிடைக்கும். வரப்பில் கிளைரிசிடியாப் போத்துகளை ஒன்றிரண்டு மீட்டர் இடைவிட்டு ஊன்றிவைத்தால் வருஷந்தோறும் வெட்டலாம். ஆட்டிற்கு நமது கொறங்காடே போதும். முள்கிளுவை வேலியும், கொழுக்கட்டைப் புல்லும், வெள்வேல் நெற்றுமாக மேய்ச்சலுக்கென்றே நம் முன்னோர் வகுத்துவைத்த ஏற்பாடு அது. கோயிற் காட்டை ஆட்டுக்குத் திறந்துவிட்டு, கொறங்காட்டை மனையாக விற்பவரைப் பார்க்கிறேன். அவர்களோடு வாதாடுவதில் பயனில்லை.

இனி, கிராம உத்தியோகஸ்தர்கள் கவனிக்கவேண்டியது. 2002-ம் வருஷத்து உயிரினப் பன்மைச் சட்டப்படி, ஒவ்வொரு உள்ளாட்சி மன்றமும் பன்மை மேலாண்மைக் குழு ஒன்றை அமைத்து, ஊரிலுள்ள மரம், செடி, பிராணிகளுக்குப் பதிவேடு எழுதவேண்டும். அச்சட்டத்தின் 37-வது பிரிவின்கீழ், உள்ளாட்சியைக் கலந்துகொண்டு மாகாண சர்க்கார் ஒரு ஸ்தலத்தைப் பன்மைப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கலாம். ஊரார் தாமாக இசைந்தவற்றைத் தவிர, அவர்களுடைய வழக்கங்களுக்கு இதனால் தடையேதுமில்லை. பொங்கல் வைப்பதும் கிடாய் வெட்டுவதும் நின்றுவிடுமோ என்று அஞ்சவேண்டுவதில்லை. நமது ஈரோடு ஜில்லாவிலேயே, கோபிசெட்டிபாளையத்தையடுத்த எலத்தூரின் ஏரியும், அங்குள்ள நாகமலைக் குன்றும் 2025-ல் இவ்விதம் அறிவிக்கப்பட்டன. குன்றின் பரப்பு 32.22 ஹெக்டேர், போனெல்லிக் கழுகு முதலிய பறவைகளும், பழங்காலத்துக் கல்வட்டங்களும் அங்கே உண்டு. திண்டுக்கல் ஜில்லாவில் காசம்பட்டிக் கோயிற் காடு 4.97 ஹெக்டேரே; அதுவும் அவ்வருஷமே இந்த ஸ்தானத்தை அடைந்தது. ஆகையால் "எங்கள் காடு சிறிது" என்று எவரும் பின்வாங்கவேண்டாம்.

எனினும் கெஜட்டு அறிவிப்பு ஒன்றே காவலாகிவிடாது. மதுரை ஜில்லா அரிட்டாபட்டி 2022-ல், 193.42 ஹெக்டேருக்கு, தமிழ்நாட்டின் முதற் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அப்படியிருந்தும் 2024 நவம்பரில், அவ்விடத்தையும் உட்கொண்ட பரப்பு டங்ஸ்டன் சுரங்கத்திற்கென ஏலம்விடப்பட்டது. சுற்று வட்டாரத்துக் கிராம சபைகள் தீர்மானம் போட்டன; குடியானவர்கள் திரளாகக் கிளம்பினார்கள்; சட்டசபையும் எதிர்த்துத் தீர்மானித்தது; 2025 ஜனவரியில் மத்திய சர்க்கார் அந்த ஏலத்தை ரத்து செய்தது. அறிவிப்பு கையிலிருந்தது வாதத்திற்கு உதவிற்று. வாதாட ஆளிருந்ததே காட்டைக் காத்தது.

செய்யவேண்டுவோர் முதலில் செய்யவேண்டியது கன்று வாங்குவதன்று. காடு எந்தச் சர்வே நம்பரில் இருக்கிறது, புறம்போக்கா, அறநிலையத்துறையைச் சார்ந்ததா, பட்டாவா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டறிவதே முதல் வேலை. காப்புக்காடானால் வனச்சரக அலுவலரின் உத்தரவின்றி ஒரு களையையும் பிடுங்கலாகாது. நல்லெண்ணத்துடன் சென்றாலும் குற்றமே. மற்றவையானால் எல்லையை அளந்து கல் நடச் செய்து, பிறகு பதிவேட்டில் ஏற்றவேண்டும்.

நான் கெடுத்த அந்த மூன்று ஏக்கருக்கு இப்பொழுதும் போய்வருகிறேன். அவ்வூர் இளைஞர்கள் சிலர் மழைக்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் கூடிக் கருவேல் நாற்றைப் பிடுங்குகிறார்கள். பெரியவர் இல்லை, அவர் பேரன் வருகிறான். சூரைப்புதர் மறுபடியும் பிடித்திருக்கிறது. அதனுள் கையை விட்டு விலக்கிப் பார்த்தால் உசிலைக் கன்றுகள் இருக்கின்றன. சென்ற தடவை எல்லையை அளந்தபோது வடபுறத்துக் கற்களில் இரண்டு காணப்படவில்லை. பக்கத்து நிலத்தின் உழவும் சற்று உள்ளே வந்திருந்தது. சர்வேயருக்கு மனுக் கொடுக்கப்பட்டிருக்கிறது.