கரைதிறன் அளவையும் ‘நீர்வெறுப்பு’ என்னும் சொல்லும்

அறிவியற் சொல்லொன்றைத் தமிழில் ஆக்குங்கால், அது குறிக்கும் பொருள் எவ்வாறு அளக்கப்பட்டது என அறிதல் இன்றியமையாதது. புரதங்களின் வடிவத்தை விளக்க வழங்கும் ‘நீர்வெறுப்பு’ என்னும் சொல் இதற்குத் தக்க சான்றாகும். நீரும் ஆல்கஹாலும் கலந்த கலவைகளில் அமினோ அமிலங்களின் கரைதிறனை ஆய்ந்ததன் பயனாகவே அதற்கு எண்ணளவை வாய்த்தது.

புரதத்தில் அமையும் அமினோ அமிலங்களில் இரு கூறுகள் உள. ஒன்று பொதுவான உடற்பகுதி. நீரில் அதன் ஒரு முனை நேர்மின்னூட்டமும் மறுமுனை எதிர்மின்னூட்டமும் பெற்று நிற்கும். மற்றொன்று, ஒன்றை மற்றொன்றினின்று வேறுபடுத்தும் பக்கத்தொடர். கிளைசினில் இஃது ஒரு ஹைட்ரஜன் அணுவே. லூசினிலோ நான்கு கார்பன் அணுக்கள் கொண்ட கிளை.

கரைதிறனை அளக்கும் முறை எளிது. ஆயினும் பொறுமை வேண்டுவது. கரையும் அளவினும் மிகுதியான படிகத்தைக் கலவையிலிட்டு, வெப்பநிலை மாறாமற் காத்து, மேலும் கரையாத நிலை வரும்வரை கலக்குவர். தெளிந்த கரைசலை வடித்து, ஆவியாக்கி, எஞ்சியதை நிறுப்பர். அடியிற் கிடக்கும் படிகம் எல்லாக் கலவைகளிலும் ஒரே வகையினதா எனத் தேறுதலும் வேண்டும். கிளைசின் மூவகைப் படிகமாய் அமையக்கூடும். வகை மாறின் ஒப்பீடு பிழைபடும்.

25 டிகிரி செல்சியசில் 100 கிராம் நீர் ஏறத்தாழ 25 கிராம் கிளைசினைக் கரைக்கும். லூசினையோ 2 கிராம் அளவிலேயே கரைக்கும். எத்தில் ஆல்கஹால் சேரச் சேர இரண்டின் கரைதிறனும் விரைந்து குறையும். எதிர் மின்னூட்டங்களின் ஈர்ப்பை நீர் 78 மடங்கு தணிக்க, ஆல்கஹால் 24 மடங்கே தணித்தலின், மின்னூட்டமுடைய உடற்பகுதி நீரையே நாடுகின்றது. கரைதிறனின் மடக்கை ஆல்கஹாலின் விகிதத்திற்கேற்ப நேர்கோடாய்க் குறையும் என்பது எளிய கணக்கு. நீரும் ஆல்கஹாலும் கலக்கும்போது தம்முள் இயல்பு மாறுதலின், உண்மை வளைவு அக்கோட்டினின்று விலகும்.

இக்குறைவை மட்டும் நோக்கின் இரண்டும் நீரையே விரும்புவனபோலத் தோன்றும். ஆனால் லூசினின் குறைவு கிளைசினின் குறைவைவிடச் சிறிது. 1971-இல் நோசாக்கியும் டான்ஃபோர்டும் இவ்வேறுபாட்டைக் கணக்கிட்டனர். கிளைசினுக்குரிய ஆற்றலைக் கழிக்கப் பொதுப்பகுதி நீங்கி, பக்கத்தொடரின் நாட்டம் மட்டும் எஞ்சியது. நீரினின்று ஆல்கஹாலுக்கு மாறுங்கால் குறையும் கட்டிலா ஆற்றல், மோல் ஒன்றுக்கு அலனினின் பக்கத்தொடருக்கு 0.5, லூசினுக்கு 1.8, ஃபினைல் அலனினுக்கு 2.5 கிலோ கலோரி. லூசினின் 1.8 என்பது ஏறத்தாழ 20 மடங்கு வேறுபாட்டிற்கு நிகராகும். புரதம் மடியுங்கால் இத்தகைய பக்கத்தொடர்கள் பெரும்பாலும் உள்ளே ஒடுங்குவதன் காரணம் இதனாற் புலனாகும்.

இனிச் சொல்லை நோக்குவோம். ‘நீர்வெறுப்பு’ என்பதை நீரை வெறுத்தல் என விரிப்பின் இரண்டாம் வேற்றுமைத்தொகை. நீரது வெறுப்பு எனின் ஆறாம் வேற்றுமைத்தொகை. இரண்டும் பொருந்தா. பக்கத்தொடருக்கும் நீருக்கும் இடையே மெல்லிய ஈர்ப்பு உண்டு. நீர் மூலக்கூறுகள் தம்முள் அதனினும் வலிதாய்ப் பிணைந்திருத்தலின் அது புறத்தே ஒதுக்கப்படுகின்றது. மேலும் அளவை காட்டுவது படிப்படியான ஏற்றமேயன்றி, வெறுப்பு, விருப்பு என்னும் இருமுனைப் பகுப்பன்று. ஆதலின் ‘நீரொதுக்கம்’ என்பது ஏற்புடைத்தாகலாம். அதுவும் நீரை ஒதுக்கல் என விரியுமாதலின், நீரால் ஒதுக்கப்படல் என்னும் பொருளை முதல் வழக்கிலேயே வரையறுத்தல் வேண்டும். சொல்லாக்கம் அகராதியோடு நில்லாது அளவையையும் நோக்குமாயின், தமிழில் அறிவியல் கற்போர் பொருளில் இடறார்.