வீட்டு ஒயின்: கண் போகுமா, பாட்டில் வெடிக்குமா?

வீட்டிலேயே திராட்சை ஒயின் போடுகிறேன் என்று ஊரில் யாரிடம் சொன்னாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "கண்ணு போயிடாதா?" கேட்பதில் தப்பில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் செத்தார்கள். ஆனால் அங்கே கொன்றது நொதித்தல் இல்லை, சாராயத்தில் கலந்த மெத்தனால். பழம் நொதிக்கும்போதும் மெத்தனால் கொஞ்சம் வரத்தான் செய்யும், தோலில் இருக்கும் பெக்டின் உடைவதால். லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் வருவது அது. கடையில் வாங்கும் ஒயினிலும் இருக்கிறது. அடுப்பில் ஏற்றிக் காய்ச்சி வடிப்பது வேறு சமாச்சாரம், அந்தப் பக்கமே போக வேண்டாம்.

பயப்பட வேண்டியது சட்டத்துக்கு. தமிழ்நாட்டில் 1937ஆம் வருட மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். அதனால் கீழே வருவதை அங்கிருப்பவர்கள் அறிவியலாகப் படித்துக்கொள்ளுங்கள். நான் இருக்கும் அமெரிக்காவில் மத்திய சட்டப்படி, வயது வந்தவர் ஒருவர் மட்டும் இருக்கும் வீட்டில் வருடத்துக்கு 100 கேலன், இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன் வரை போடலாம். விற்கக் கூடாது, அவ்வளவுதான். இதே நாட்டில்தான் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தது. அப்போது காய்ந்த திராட்சைக் கட்டியை விற்றவர்கள், "இதைத் தண்ணீரில் கரைத்து அலமாரியில் இத்தனை நாள் வைத்துவிடாதீர்கள், ஒயினாகிவிடும்" என்று எச்சரிக்கை போட்டு விற்றார்களாம். செய்முறையை இதைவிட நாசூக்காக எழுத முடியாது!

சரி, உள்ளே என்ன நடக்கிறது? ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் கரியமில வாயுவும் தருகிறது. 180 கிராம் குளுக்கோஸ் முழுதாக நொதித்தால் கணக்குப்படி 92 கிராம் ஆல்கஹால், 88 கிராம் வாயு. கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. இந்த வாயுவைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். லிட்டருக்கு 200 கிராம் சர்க்கரை உள்ள சாறு நொதித்தால் சுமார் 50 லிட்டர் வாயு வரும். மூடியை இறுக்கித் திருகி வைத்தால் பாட்டில் வெடிகுண்டுதான். திறந்தே வைத்தாலோ காற்றோடு அசிட்டோபாக்டர் வந்து எல்லாவற்றையும் வினிகர் ஆக்கிவிடும். வாயு வெளியே போகணும், காற்று உள்ளே வரக் கூடாது. அதற்குத்தான் ஏர்லாக்: நடுவில் தண்ணீர் நிற்கும் ஒரு வளைந்த குழாய். ஒன்றிரண்டு டாலர் பொருள்.

அடுத்து முக்கியமான கருவி ஹைட்ரோமீட்டர். சர்க்கரை கூடக்கூட சாறு அடர்த்தியாகும், மிதவை மேலே எழும்பும். இங்கே கிடைக்கும் கான்கார்ட் திராட்சையில் வாசனை அதிகம், புளிப்பும் அதிகம், சர்க்கரை மட்டும் குறைவு. சாறு 1.065 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து எட்டரை சதவீத ஆல்கஹால்தான் வரும். நமக்கு 12 வேண்டும், குறைவது 3.5. ஒரு சதவீதத்துக்கு லிட்டருக்கு 17 கிராம் என்பது கைக்கணக்கு. ஆக லிட்டருக்கு 60 கிராம், 4 லிட்டருக்கு 240 கிராம் சர்க்கரை. "ஒரு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ சர்க்கரை" என்று கண்ணை மூடிக்கொண்டு கொட்டும் பண்டிகைக் குறிப்புகள் ஏன் பாகு மாதிரித் தித்திக்கின்றன என்பது இப்போது புரியும். ஆல்கஹால் ஏறியதும் ஈஸ்ட் ஓய்ந்துவிடும், மிச்சச் சர்க்கரை அப்படியே நிற்கும். ஆப்பிள், ஸ்ட்ராபெரி போன்றவற்றில் இயல்பாகவே சர்க்கரை குறைவு, அங்கே இந்தக் கணக்கு இன்னும் அவசியம்.

ஈஸ்ட்டில் கஞ்சத்தனம் வேண்டாம். ரொட்டி ஈஸ்ட் நொதிக்கும், ஆனால் சீக்கிரம் களைத்துப்போகும், வாசனையும் ரொட்டி வாசனைதான். ஒயினுக்கென்றே 5 கிராம் பொட்டலம் கிடைக்கிறது, 5 கேலனுக்குப் போதும். நசுக்கிய பழத்தை முதல் ஒரு வாரம் வாயகன்ற பாத்திரத்தில் துணி மூடி வைக்கணும். தோல் மேலே மிதந்து காயும், தினம் இரண்டு முறை அமுக்கிவிடணும். சிவப்பு நிறம் தோலிலிருந்துதான் வருகிறது. பிறகு பிழிந்து கண்ணாடி ஜாடிக்கு மாற்றி ஏர்லாக் போட்டால், நமக்கு வேலை வண்டலை விட்டு மேலே தெளிந்ததைக் குழாய் வைத்து இறக்குவது மட்டும்தான். பாத்திரம், குழாய், கரண்டி எல்லாம் சுத்தமாக இருக்கணும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

முடிந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? குமிழி நின்றதை நம்பாதீர்கள், குளிர் நாளிலும் குமிழி நிற்கும். 1.090இல் தொடங்கியது 0.995க்கு வந்து, சில நாள் இடைவெளியில் மூன்று முறை பார்த்தும் மாறாமல் இருந்தால் சரி. வித்தியாசம் 0.095, அதை 131ஆல் பெருக்கினால் 12.4 சதவீதம். இனிப்பு வேண்டுமென்று இந்தக் கட்டத்தில் சர்க்கரை சேர்ப்பவர்கள் முதலில் பொட்டாசியம் சார்பேட்டும் சல்ஃபைட்டும் போட்டாக வேண்டும். இல்லையென்றால் மிச்சமிருக்கும் ஈஸ்ட் பாட்டிலுக்குள் மறுபடி வேலையை ஆரம்பிக்கும், கார்க்கு நடுராத்திரியில் பறக்கும்.

புதிதாக எடுத்த ஒயின் நாக்கைப் பிடிக்கும், கரடுமுரடாக இருக்கும். கான்கார்ட் குறைந்தது ஆறு மாதம் கிடக்கணும். பீச் பழத்தில் போட்டது அதற்கு முன்பே குடிக்கிற பக்குவத்துக்கு வந்துவிடுகிறது.